சாரம்

ஜுபைல். கேம்ப் நான்கு, அறை இருபத்தேழு.
வெள்ளிக்கிழமை.
ஏசியை முழு வேகத்தில் வைத்தோம்,
அதன் இரைச்சலுக்குள் எங்கள் ஆமென் ஒளிந்துகொள்ளட்டும் என்று.

உரக்கப் பேச முடியாத இடத்தில்
சண்டை போடுவது தனி வித்தை.
எப்பிராயீம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்:
உலகம் உண்டாகும் முன்னமே குறித்தாகிவிட்டது,
டில் பகதூர் விழவேண்டிய நாளும் வேளையும்.
ஒபேத் தலையணையைக் குத்துகிறான்:
அப்படியானால் மனுஷன் என்ன,
கிரேன் கொக்கியில் தொங்கும் சுமையா?
ஏழு மாதம் நம்மோடு ஒரே பஸ்ஸில் வந்தான்,
ஒருநாளாவது அவனுக்குச் சுவிசேஷம் சொன்னோமா?
சிலுவைதாசன் சாரத்தை மடித்துக் கட்டியபடி
மேல்கட்டிலிலிருந்து இறங்குகிறார்:
உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு. அவனுக்காக வேண்டலாம்.
எங்கே எழுதியிருக்கிறது, காட்டும்.
உங்க புத்தகத்தில் ஏழு குறையுதே, அதுல தேடும்.
சிரித்தோம்.
செத்தவனின் கட்டில் அடுத்த அறையில்
இன்னும் விரித்தபடியே கிடந்தது.

எனக்கு ஞானஸ்நானம் ஒரு சபையில்,
கல்யாணம் இன்னொன்றில்,
சந்தா அனுப்புவது மூன்றாவதற்கு.
ஆகவே என்னிடம் திரும்பினார்கள்:
நீர்தானே சாரம் சோதிக்கிறவர்,
சொல்லும், எது நிற்கும்?

குழாய், கிளாம்ப், பலகை, கைப்பிடி.
சரியென்றால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்பு.
வேதத்தை மடியில் விரித்து
அப்படித்தான் தட்டிப் பார்த்தேன்.
முன்குறிப்பு: நல்ல இரும்பு.
நிருபங்களில் ஆழமாக அடியூன்றியிருக்கிறது.
ஆனால் உச்சித் தட்டைப் பின்னாளில் யாரோ கட்டியிருக்கிறார்கள்,
எதோடும் பிணைக்காமல் ஆடுகிறது.
சுயசித்தம்: ஏறலாம்,
பார்வோனின் இருதயம் வரும் இடத்தில்
ஒரு பலகை இல்லை.
சிலுவைதாசன் சொன்னதற்கு
என் புத்தகத்தில் கால் அகப்படவில்லை.
ஆனாலும், செத்தவனை விட்டுவிடாதே என்கிற அந்தக் கயிறு
எதில் கட்டியிருக்கிறதோ,
இழுத்தால் கை காந்துகிறது.

பிறகு பக்கம் புரண்டு சீலோவாம் வந்தது.
கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர்.
பெயர் இல்லை, ஊர் இல்லை,
எந்தக் கம்பெனி ஆட்கள் என்று இல்லை.
மற்றவர்களைவிடப் பாவிகளோ அவர்கள்?
இல்லை என்கிறார். அதோடு விட்டுவிடுகிறார்.
விழுந்தது ஏன் என்பதற்கு ஒரு சொல்லும் தரவில்லை.
கேட்டு நின்றவர்கள் பக்கம் திரும்பி
நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார்.

அந்நேரம் பார்த்து கம்ப்ரசர் நின்றது.
நான்கு பேர் மூச்சுவிடுவது கேட்டது.

மூன்றாம் தட்டுக்கு நான் அன்று ஏறவில்லை.
நாற்பத்தெட்டு டிகிரி.
கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு
பச்சைச் சீட்டில் கையெழுத்திட்டேன்.
எப்பிராயீமின் வாதம் பத்து நாளாக
எனக்கு மட்டும் ஏன் அப்படி இனித்தது என்று
இப்போது தெரிகிறது.
கம்பெனி அறிக்கையிலும் அதேதான்,
தவிர்க்க இயலாத விபத்து என்று போட்டிருக்கிறார்கள்.
உறக்கம் தருகிற உபதேசத்தை
இரண்டு தடவை சோதிக்கவேண்டும்.

உப்பு சாரமற்றுப்போனால் என்ற வசனத்தை
ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது,
கட்டடத்துக்குக் கட்டும் சாரம் என்றே நினைத்திருந்தேன்.
உப்புக்கு எதற்கு மூங்கில் என்று கேட்டு அடி வாங்கினேன்.

அவர்கள் மறுபடி தொடங்கிவிட்டார்கள், தாழ்ந்த குரலில்.
ஒபேத்துக்கு ஒரு வசனம் கிடைத்திருக்கிறது,
எப்பிராயீமுக்கு அதே வசனத்தின் அடுத்த வரி.

சனிக்கிழமை காலை பாதுகாப்பு அலுவலகம்.
எகிப்துக்காரர், தேநீர், கோப்புகள்.
என்ன வேண்டும்?
ஏறவில்லை என்றேன்.
எங்கே?
சொன்னேன்.
பேனாவை என் பக்கம் தள்ளினார். எழுதிக் கொடு.
எந்த மொழியில் என்று கேட்டேன்.